மூத்தம்மாவின் கையும் மிஸ்ஸியின் பையும்: கிராமத்துத் தொற்றுத் தடுப்பின் ஒரு வரலாறு

கடந்த வருட நோன்பு விடுமுறையில், முன்பு என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். இப்போது அவள் தாதி உத்தியோகத்தர். கையில் பத்துப் பக்கத்தில் ஒரு வினாக்கொத்து. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடமையாற்றும் தாதியருக்குத் தொற்றுத் தடுப்புப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்ப்பதுதான் அவளுடைய பட்டப்படிப்பு ஆய்வு. ஆங்கிலத்தில் இருந்ததைத் தானே தமிழாக்கியிருந்தாள். “டீச்சர், தமிழ மட்டும் பார்த்துத் தாங்க. மத்ததெல்லாம் எங்கட மேடம் பார்ப்பாங்க” என்றாள்.

சந்திப் பிழைகளையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் திருத்திக்கொண்டு போனேன். பதினொன்றாவது வினாவில் பேனை நின்றது. “நோயாளிக்குத் தொற்று ஏற்படுவதற்குத் தாதியின் கையே காரணம். சரி / பிழை.”

“புள்ள, இதில ‘காரணம்’ என்று போடுவதா, ‘வழி’ என்று போடுவதா?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “ரெண்டும் ஒண்டுதானே டீச்சர்?” என்றாள்.

இரண்டும் ஒன்றல்ல. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் இருநூறு வருட வரலாறு கிடக்கிறது. எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் கிடக்கிறது. அவள் போன பின்பும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அங்கிருந்துதான் பிறந்தது.

மூத்தம்மாவின் கை

என் உம்மாவின் உம்மா, நாங்கள் மூத்தம்மா என்று அழைத்தவர், அம்பாறைக் கரையோரத்தில் எங்கள் ஊரின் மருத்துவிச்சியாக இருந்தவர். படித்தவரல்லர். தன் மாமியிடம் பார்த்துப் பழகிய தொழில். தொழில் என்று சொல்வதும் பொருந்தாது. கூலி கேட்டு வாங்கியதில்லை. கொஞ்சம் நெல், ஒரு சீலை, சில வீடுகளில் ஒரு கோழி. அவ்வளவுதான்.

சுத்தத்துக்குப் பேர்போனவர் மூத்தம்மா. பிரசவ வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வுழூ எடுத்துக்கொண்டுதான் படியிறங்குவாராம். ஸலவாத்துச் சொல்லிக்கொண்டுதான் வயிற்றில் கை வைப்பாராம். ஆனால் தொப்புள் கொடி வெட்டிய கத்தி, அந்தந்த வீட்டுக் குசினியில் இருந்த கத்திதான். வெட்டிய இடத்தில் சாம்பல் வைத்தார்கள், சில வீடுகளில் சுட்ட துணியின் கரி. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

ஒரு வருடம், 1950களின் நடுப்பகுதி என்பது உம்மாவின் கணக்கு, மூத்தம்மாவின் சொந்தத் தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கொடி வெட்டியது மூத்தம்மா. இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்கு, அதன் பிறகு வாய் திறக்க முடியவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. ஏழாம் நாள், முடி இறக்கிப் பெயர் வைக்க ஆட்கள் கூடியிருந்த வீட்டில், பிள்ளை மௌத்தானது. அதே வருடம் அதே ஒழுங்கையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே விதமாகப் போயின. மூன்று பிரசவத்துக்கும் போனவர் மூத்தம்மா.

ஊர் முதலில் கண்ணூறு என்றது. பிறகு “அவட கை சரியில்ல” என்றது. தங்கச்சி வீட்டுப் படலை மூடப்பட்டது. மூத்தம்மாவைப் பிரசவத்துக்கு அழைப்பதும் நின்றது.

இன்று எந்தத் தாதிப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்வாள்: அது ஏற்புவலி. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, வெட்டிய கொடி வழியாக உள்ளே போகிறது. ஜப்பானிய அறிஞர் கிடசாடோ அந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1889இல். மூத்தம்மா பிறப்பதற்கும் முந்திய அறிவு அது. அந்த அறிவு எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர அறுபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஏன் இவ்வளவு தாமதம், எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் நான் சொல்லவந்த வரலாறு.

பெயர் எழுதிய பட்டியல்

கையால் நோய் பரவும் என்பதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் கோர்டன். பிரசவித்த தாய்மாருக்கு வரும் காய்ச்சலை, நம்மவர்கள் பிரசவ ஜன்னி என்று சொன்னதை, வீடு வீடாகப் பதிவு செய்தார். எந்தத் தாய்க்கு எந்த மருத்துவிச்சி போனார், அடுத்து எந்த வீட்டுக்குப் போனார் என்று பின்தொடர்ந்தபோது, நோயும் அதே பாதையில் போயிருந்தது. 1795இல் இதை நூலாக வெளியிட்டார். தானும் பல தாய்மாருக்கு அந்த நோயைக் கொண்டுபோயிருக்கிறேன் என்று அதில் ஒப்புக்கொண்டார். அது பெரிய மனது. ஆனால் மருத்துவிச்சியரின் பெயர்களையும் பட்டியலில் அச்சிட்டுவிட்டார். நகரம் அவர்மேல் கோபம் கொண்டது. அவர் ஊரைவிட்டுக் கடற்படைச் சேவைக்குத் திரும்பினார், 1799இல் இறந்தார். அவர் சொன்ன உண்மையும் அவரோடு ஓரங்கட்டப்பட்டது.

அடுத்த கதை வியன்னாவில். அங்கே பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள், மற்றதில் மருத்துவிச்சி மாணவியர். 1846ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வைத்திய மாணவர்களின் பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவிச்சியரின் பகுதியில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. படித்தவர் கையில் மரணம் கூடுதல், படிக்காதவர் என்று கருதப்பட்டவர் கையில் குறைவு! இந்தப் புதிரை அவிழ்த்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். வைத்திய மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவிச்சியர் பிணத்தைத் தொடவில்லை. 1847 மே மாத நடுவிலிருந்து, உள்ளே வருபவர் எவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், ஜூனில் நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது.

இவ்வளவு தெளிவான கணக்கையும் உலகம் உடனே ஏற்கவில்லை. மரணத்துக்குக் காரணம் வைத்தியனின் கை என்று சொன்னால் எந்த வைத்தியன் தலையாட்டுவான்? செம்மல்வைஸும் பின்னாளில் பொறுமை இழந்தார். தன்னை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். 1865இல் மனநோய் விடுதியில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்யும் முறையை வெளியிட்டபோதுதான் காற்று மாறத் தொடங்கியது.

கோர்டனும் செம்மல்வைஸும் சொன்னது உண்மை. ஆனால் கேட்டவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுந்தது. குற்றம் சுமத்தப்பட்டவன் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பான்; கை கழுவப் பிறகுதான் போவான்.

கிருமி என்ற சொல்

நம்மவர் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால், “இதையெல்லாம் நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள்” என்று ஒருவர் எழுவார். முழுக்கத் தவறும் இல்லை. கிரனாடாவின் அறிஞர் இப்னுல் கதீப், 1348இல் அந்தலூசியாவைத் தாக்கிய கொள்ளைநோயைப் பார்த்து எழுதிய சிறு நூலில், நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு உடையாலும் பாத்திரத்தாலும் காதணியாலும்கூடப் பரவுகிறது என்றும், இது அனுபவத்தால் உறுதியான விடயம் என்றும் வாதிட்டார். அந்தப் பெருமையை நாம் வைத்திருக்கலாம். ஆனால் கிரனாடாவில் ஓர் அறிஞருக்குத் தெரிந்தது எங்கள் ஒழுங்கையில் ஒரு மருத்துவிச்சிக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பெருமையால் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் கிடைத்த பயன் என்ன?

தமிழில் நவீன மருத்துவம் வந்த வருடமும் 1847தான். வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே ஆண்டில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். பிரசவ மருத்துவம், இரண வைத்தியம், உடற்கூறு, இரசாயனம் என்று நூல்களைத் தமிழாக்கினார். மற்றவர்களைக் கொண்டும் ஆக்குவித்தார். தமிழ் சிறப்புப் பட்டம் படித்த காலத்தில் அந்தக் கலைச்சொற்களைப் பார்த்து நான் வியந்ததுண்டு. அவருடைய பிரசவ நூல் வெளிவந்த 1850களில் கிருமிக் கொள்கை உலகில் எங்கும் நிலைபெற்றிருக்கவில்லை. ஆகவே, பிள்ளை பெறும் முறை தமிழுக்கு வந்தபோது, கை கழுவும் காரணம் கூடவே வரவில்லை.

‘கிருமி’ என்ற சொல்லையே பாருங்கள். பழைய வைத்தியத்தில் அது கண்ணுக்குத் தெரியும் புழு. வயிற்றுப்புழுவைக் கிருமி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அந்தச் சொல் ஏறியது பின்னர்தான். பரவும் நோய்க்கு நம்மிடம் ‘ஒட்டுவாரொட்டி’ என்ற அருமையான சொல் இருந்தது. ஆனால் ஒட்டுவது எது என்பதற்குச் சொல் இல்லை. மூத்தம்மாவிடம் சுத்தம் இருந்தது, நஜீஸ் என்ற சொல்லும் இருந்தது. மார்க்கம் கேட்ட சுத்தத்தை அவர் குறைவின்றிச் செய்தார். கிருமி கேட்ட சுத்தம் என்று வேறொன்று உண்டு என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

களுத்துறையில் தொடங்கியது

இலங்கையில் பிரசவத்துக்கென்று கொழும்பில் டி சொய்சா விடுதி 1879இலேயே திறக்கப்பட்டது. ஆனால் நாட்டின் தாய்மார் பெரும்பாலும் வீட்டில்தான் பிள்ளை பெற்றார்கள். வைத்தியசாலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை, சுகாதாரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் செயலுக்கு வந்தது 1926இல், களுத்துறையில். றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு அங்கே நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட பிரதேசம், அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரத் தாதி, பரிசோதகர், வீடு வீடாகப் போகும் மருத்துவ மாது. இன்று எங்கள் ஊர்களில் ‘எம்.ஓ.எச். ஒபிஸ்’ என்கிறோமே, அதன் மூலவேர் அதுதான். ‘ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு’ என்ற சொற்றொடர் அல்மா ஆத்தா மாநாட்டின் மூலம் உலகப் புகழ் பெற்றது 1978இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே களுத்துறை வீடுகளில் அது நடக்கத் தொடங்கியிருந்தது.

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவிச்சியரின் பதிவுக்கும் இடம் வைத்தது. பயிற்சி பெற்றுப் பதிந்தவர் ஒரு பக்கம், பரம்பரையாகச் செய்தவர் மறுபக்கம் என்று கோடு விழுந்தது. எங்கள் மூத்தம்மா அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றவர்.

அந்தக் காலத்துக் கணக்கு நெஞ்சை உலுக்கும். 1930களில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். 1934-35இல் வந்த மலேரியா மட்டும் நாட்டில் எண்பதாயிரம் பேரளவில் கொண்டுபோனது. 1950ஐ அடையும்போது தாய் மரணம் ஒரு லட்சத்துக்கு அறுநூறுக்குக் கீழே வந்துவிட்டது. இன்று முப்பதை ஒட்டி நிற்கிறது. இந்த வீழ்ச்சிக்கு மருத்துவ மாதர் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமில்லை. மலேரியாக் கட்டுப்பாடு, சல்பா மருந்தும் பெனிசிலினும், புதிய வைத்தியசாலைகள், பெண் கல்வி எல்லாம் சேர்ந்த கதை அது. ஆனால் அந்த எல்லாவற்றையும் வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுவந்தவர் ஒரு பெண். எங்கள் ஊர் அவரை ‘மிஸ்ஸி’ என்றது.

மிஸ்ஸி வந்த நாள்

எங்கள் ஊருக்கு வந்த மிஸ்ஸி, மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அந்தக் காலத்தில் எங்கள் பெண் பிள்ளைகளைத் தாதித் தொழிலுக்கு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. இரவு வேலை, வெளியூர் வாசம், சட்டை என்று ஆயிரம் காரணம் சொன்னோம். ஆகவே எங்கள் தாய்மாரின் பிரசவத்தைப் பல காலம் பார்த்தது தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும்தான். அந்தக் கடன் எங்கள் கணக்கில் இன்னும் இருக்கிறது.

அந்த மிஸ்ஸி ஊரில் கேள்விப்பட்ட முதல் விடயம், மூன்று பிள்ளைகள் ஏற்பில் போனது. நேரே மூத்தம்மா வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சீலை, தோல் பை. மூத்தம்மா பயந்து போனார். பொலிசுக்குச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தாராம். மிஸ்ஸி பாயில் உட்கார்ந்து, “ராத்தா, தேத்தண்ணி ஒண்டு தருவீங்களா?” என்று கேட்டார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது பையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து, “இத இன்னொரு சட்டியில போட்டு நல்லாக் கொதிக்க வைப்பம். தேத்தண்ணிக்கு வைக்கிறதவிடக் கூட நேரம்” என்றார். சவர்க்காரத்தை எடுத்துக் காட்டினார். நகம் தேய்க்கும் தும்பு, கொடி கட்டும் நூல், டெட்டோல் போத்தல், எல்லாவற்றையும் மூத்தம்மாவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முழங்கை வரை எப்படித் தேய்ப்பது என்று கிணற்றடியில் வைத்துக் காட்டினார். கொடியில் சாம்பல் வேண்டாம், எதுவுமே வேண்டாம், காய விட்டால் போதும் என்றார். இறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு நடந்தது எங்கள் குடும்பத்தில் பலமுறை சொல்லப்பட்ட கதை. மூத்தம்மா தனியாகப் பிரசவம் பார்ப்பதை விட்டார். மிஸ்ஸியை அழைக்க ஓடுபவராகவும், மிஸ்ஸி வருமுன்பே தண்ணீர் கொதிக்க வைத்துப் புதுச்சீலை விரித்து வைப்பவராகவும் ஆனார். மிஸ்ஸியை வாசலில் நிறுத்திய வீடுகளுக்குள் அவரைக் கைபிடித்து அழைத்துப் போனவரும் மூத்தம்மாதான். ‘அவட கை சரியில்ல’ என்ற ஊர், ‘அவவும் மிஸ்ஸியும் வந்தாச் சரி’ என்று சொல்லத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, சுத்தமான கொடி என்று மூன்று சுத்தங்களாகச் சொன்னதை, அந்த இரண்டு பெண்களும் எங்கள் ஒழுங்கையில் செய்துகொண்டிருந்தார்கள்.

கொதிநீர் எல்லாக் கிருமியையும் வென்றுவிடாது. ஏற்புக் கிருமியின் வித்து பிடிவாதமானது. சாதாரணக் கொதிப்பைத் தாங்கவும் வல்லது. ஆகவே ஊசியும் வேண்டியிருந்தது. 1969இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி போடுவது இலங்கையில் தொடங்கியது. எங்கள் பெண்கள் ஊசிக்குப் பயந்தபோது, முதலில் பேசிச் சம்மதிக்க வைத்தவரும் மூத்தம்மாதானாம். தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய், சேய் ஏற்புவலி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாது ஒழிக்கப்பட்டது என்று 2016இல் அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தி பத்திரிகையில் சின்னப் பெட்டியாக வந்தது. அந்தப் பத்திரிகையைக் காட்ட மூத்தம்மா அப்போது இல்லை.

அவர் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் புள்ள என்ட கையாலதான் மகள் போச்சு. மிஸ்ஸிக்கு அது தெரியும். ஆனா அவ ஒருநாளும் எனக்குச் சொல்லல்ல.” நாற்பது வருடத்துக்கு மேல் அதை மனதில் வைத்திருந்திருக்கிறார். தெரிந்துகொண்டும் தொடர்ந்து வேலை செய்யும்படி அவரை விட்டது, மிஸ்ஸியின் அந்த மௌனம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

கண்ணாடிச் சிரிஞ்சு

மௌனம் எப்போதும் நன்மையா என்று கேட்கலாம். இல்லை. எகிப்தின் கதை அதைக் காட்டும். நைல் நதிக்கரைக் கிராமங்களில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950கள் முதல் 1980கள் வரை பெரும் எண்ணிக்கையான மக்களுக்கு நரம்பில் ஊசி போட்டார்கள். கண்ணாடிச் சிரிஞ்சுகள். ஆட்கள் வரிசையில், சிரிஞ்சோ கொஞ்சம். ஒரு தரம் பாவித்ததைச் சரிவரக் கொதிக்க வைக்க நேரம் இல்லை. அந்தக் காலத்தில் பெயர்கூடத் தெரியாதிருந்த ஈரல் அழற்சி ‘சி’ வைரசு, அந்த ஊசிகளோடு ஊர் ஊராகப் போனது. உலகிலேயே அந்த நோய் மிக அதிகமான நாடாக எகிப்து ஆனது. நல்ல நோக்கம், உழைத்த ஊழியர், ஆனால் போதாத சிரிஞ்சு. 2000ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் இதைச் சான்றோடு எழுதினார்கள். உண்மையை மூடாமல் ஏற்றுக்கொண்டதால்தான், 2018இல் நாட்டு மக்களை எல்லாம் அழைத்துப் பரிசோதித்து இலவசமாகச் சிகிச்சை கொடுக்கும் பெரும் இயக்கத்தை எகிப்தால் நடத்த முடிந்தது.

பிழையைச் சொல்ல வேண்டும். ஆனால் அது எங்கே நிகழ்ந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். எகிப்தில் அது ஊசி போட்ட கையில் நிகழவில்லை, சிரிஞ்சு இல்லாத பெட்டியில் நிகழ்ந்தது. எங்கள் சிறுவயதில் ஊர் டிஸ்பென்சரியில் சிரிஞ்சு கொதிக்கும் சத்தம் கேட்டாலே நாங்கள் அழுவோம். அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இப்போதுதான் விளங்குகிறது. சுன்னத்துக்கு வந்த ஒஸ்தா மாமாவின் கத்தியும் இதே பாதையில்தான் மாறியது.

மையித்தும் தொற்றும்

இதை எழுதும்போது இரண்டு வருடங்களைத் தாண்டிப் போக முடியாது. முதலாவது 2004. சுனாமி வந்தபோது நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். குளிப்பாட்டவும் வழியின்றி, வெள்ளைத் துணிக்கும் வழியின்றி, கடற்கரை மண்ணில் மையித்துகளை அடக்கினோம். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்ற வதந்தி முகாமெங்கும் பரவியது. பேரழிவில் இறந்தவரின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சுகாதாரப் பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் போட்டார்கள். மிஸ்ஸிமார் பாடசாலை முகாம்களில் குழந்தைகளைப் பார்த்தார்கள். அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை.

இரண்டாவது 2020. கொவிட்டால் இறந்தவரின் உடலை எரிப்பது அவசியம் என்று எந்த மருத்துவ ஆதாரமும் சொல்லவில்லை; எரிப்பதோ அடக்குவதோ இரண்டுமே செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே எழுதியிருந்தது. ஆயினும் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்றார்கள். பிறந்து இருபது நாளான சிசுவும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அரசியலைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது சுகாதாரத்தைப் பற்றி. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் இருமலை மறைத்தவர்களை நான் அறிவேன். மூச்சு முட்டிய வாப்பாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அஞ்சிய பிள்ளைகளை அறிவேன். ‘கொண்டுபோனால் மையித்தும் கிடைக்காது’ என்றார்கள். ஒரு சமூகத்தையே நோய்க்குக் காரணம் என்று சுட்டிக் காட்டினார்கள். சுட்டப்பட்டவர்கள் ஒளிந்தார்கள். ஒளிந்த இடத்தில் நோய் பரவும். தொற்றுத் தடுப்பு என்ற பெயரில் செய்யப்பட்டது தொற்றுத் தடுப்புக்கே கேடாக முடிந்தது. அபர்டீனின் பாடத்தை நாம் 2020இல் மீண்டும் படித்தோம்.

அப்போதும் படலையைத் திறந்து வந்தவர் குடும்ப நல மாதுதான். முகக்கவசத்தோடு வாசலில் நின்று, “காய்ச்சல் யாருக்கும் இருந்தாச் சொல்லுங்க, நான் பார்த்துச் செய்றன்” என்றார். அவரிடம் மட்டும் எங்கள் பெண்கள் உண்மை சொன்னார்கள்.

பதினொன்றாவது வினா

மறுவாரம் மாணவி திரும்ப வந்தாள். ‘காரணம்’ என்பதை வெட்டி ‘வழி’ என்று எழுதியிருந்தேன். ஏன் என்று கேட்டாள். மூத்தம்மாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் கதையைச் சொன்னாள்.

“டீச்சர், கை கழுவ வேண்டிய அஞ்சு சந்தர்ப்பமும் எங்களுக்குப் பாடம். நோயாளியத் தொட முன்னுக்கு, சுத்தமான வேலை செய்ய முன்னுக்கு, ரத்தம் சலம் பட்ட பிறகு, நோயாளியத் தொட்ட பிறகு, அவங்கட கட்டில் சாமானத் தொட்ட பிறகு. சவர்க்காரத்தால எண்டா நாப்பது செக்கனுக்கு மேல. ஆனா நான் முந்தி வேலை செஞ்ச இடத்தில பகலைக்குப் பிறகு பைப்பில தண்ணி வராது. வாளியில அள்ளி வைப்பம். அறுபது பேருக்குக் காயம் கட்ட ஒரு ஆள். இந்த வினாக்கொத்தில எனக்கு நூத்துக்கு நூறு கிடைக்கும். அண்டைக்கு நான் எத்தின தரம் கழுவினேன் எண்டு ஆரும் கேக்கல்ல.”

பெரிய வைத்தியசாலைகளில் தொற்றுத் தடுப்புக்கென்றே தனித் தாதி இருக்கிறார். அந்தப் பதவி உலகில் முதன்முதல் உருவானது 1959இல், இங்கிலாந்தின் டோர்கியில். சிறிய நிலையத்திலோ ஒருத்தியே காயமும் கட்டி, ஊசியும் போட்டு, பதிவும் எழுதி, தொற்றையும் தடுக்க வேண்டும். உலகச் சுகாதார நிலையங்களில் ஏறத்தாழப் பாதியில், சிகிச்சை நடக்கும் இடத்திலும் கழிவறையிலும் கை சுத்தம் செய்வதற்கான அடிப்படை வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் கணக்குக் காட்டின. இந்த நிலையில் தாதியின் அறிவை மட்டும் அளந்து, குறைந்தால் அவளைக் குறை சொல்வது, மூத்தம்மாவின் படலையை மூடிய ஊர் செய்த அதே வேலைதான்.

நான் தமிழ் ஆசிரியை. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனாலும் உரிமையோடு இரண்டு வினாக்களைச் சேர்க்கச் சொன்னேன். ஒன்று: “உங்கள் கடமை நேரம் முழுவதும் குழாயில் தண்ணீர் வருகிறதா?” மற்றது: “கை கழுவத் தவறிய ஒரு நாளைப் பற்றி உங்கள் மேலதிகாரியிடம் பயமின்றிச் சொல்ல முடியுமா?” அவளுடைய மேடம் முதலாவதை ஏற்றுக்கொண்டாராம். இரண்டாவது ஆய்வின் தலைப்புக்குள் வராது என்று எடுத்துவிட்டாராம்.

இந்த இதழைப் படிக்கும் தாதியர் எவரும் இருந்தால், அந்த இரண்டாவது வினாவுக்கான பதிலைத் தங்களுக்குள்ளாவது எழுதிப் பார்க்கட்டும். படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது காயம் கட்டும் அறையின் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் மிஸ்ஸியோடு சண்டைக்குப் போகாதீர்கள். பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் ஒரு நாள் நின்றாலும் யாரிடம் போய்ச் சொல்வோம் என்பது நமக்குத் தெரியும். அதே ஆட்களிடம் இதையும் போய்ச் சொல்லுங்கள்.